படமில்லாத கொடிகள்: லா பாஸிலிருந்து சாண்டா குரூஸ் வரை

ஜூலை 14, லா பாஸ்

பொலிவியாவில் ஒன்பது மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கொடி இருக்கிறது. பெரும்பாலானவற்றில் படம் எதுவும் கிடையாது. ஒருரோவுக்கு முழுச் சிவப்பு, பேனிக்கு முழுப் பச்சை, கோச்சபாம்பாவுக்கு வான்நீலம் மட்டும். லா பாஸுக்குச் சிவப்பும் பச்சையும். சாண்டா குரூஸுக்கு இரண்டு பச்சைப் பட்டைகள், நடுவே வெள்ளை. சிங்கம், கழுகு, வாள், எழுத்து என்று எதையும் வைக்காமல் வெறும் நிறத்தை மட்டும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது. எதுவும் வரையாத துணியில் ஒரு ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

பயணத் திட்டம் எளிது. 16ஆம் தேதி லா பாஸின் பெருநாள். 24ஆம் தேதி சாண்டா குரூஸின் கொடி நாள். இடையில் ஒருரோ, கோச்சபாம்பா, சுக்ரே, எல்லாம் பஸ்ஸில்.

ஊர் 3,600 மீட்டருக்கு மேலே இருப்பதால் வந்த முதல் நாள் பெரிதாக நடக்க முடியவில்லை. கோக்கா இலைத் தேநீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் கடைத்தெருவுக்கு இறங்கினேன். ஜூலை மாதம் என்பதால் பால்கனி தோறும் சிவப்பு-பச்சை. துணி விற்கும் ஒரு அம்மாவிடம், கடையில் வாங்கிய கொடி அதிகமா, வீட்டில் தைத்தது அதிகமா என்று கேட்டேன். "தைக்கிறதுதான். சிவப்பு ஒரு மீட்டர், பச்சை ஒரு மீட்டர், நடுவில் ஒரு தையல். எந்த வீட்டில் முடியாது?" என்றார். படமில்லாத கொடிக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை என்று எனக்குப் பட்டது.

ஜூலை 15, இரவு

நாளைதான் விழா. ஆனால் லா பாஸ்காரர்களுக்கு இன்றைய இரவே முக்கியம். தீப்பந்த ஊர்வலம்.

1809 ஜூலை 16, கார்மென் மாதாவின் திருநாள். ஊர்வலக் கூட்டத்தைச் சாதகமாக்கிக்கொண்டு பெத்ரோ தொமிங்கோ முரியோவும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்பானிய ஆளுநரை வீழ்த்தினார்கள். ஆட்சிக்குழு அமைத்தார்கள். சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தது. 1810 ஜனவரி 29 அன்று முரியோவைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமரம் நின்ற சதுக்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்; அதிபர் மாளிகையும் நாடாளுமன்றமும் அங்கேதான் இருக்கின்றன. "நான் ஏற்றிவிட்டுப் போகும் தீப்பந்தத்தை எவராலும் அணைக்க முடியாது" என்று அவர் கடைசியில் சொன்னதாக இங்கே பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள்.

அந்த வார்த்தையை வைத்துத்தான் இந்த இரவு. பள்ளிகள், சங்கங்கள், அரசு அலுவலகங்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பந்தம் ஏந்தி வருகிறார்கள். குளிர் எலும்பைத் தொடுகிறது. ஓரத்தில் சிங்கானி என்ற திராட்சைச் சாராயம் கலந்த சூடான தேநீர் விற்கிறார்கள். தோளில் சிவப்பு-பச்சைத் துண்டு போட்டிருந்த ஒரு பெரியவரோடு பேச்சு கொடுத்தேன். சிவப்பு, தூக்கில் தொங்கியவர்களின் ரத்தம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பச்சை? "யுங்காஸ்" என்றார் அவர். மலையிலிருந்து அமேசான் பக்கம் சரியும் செங்குத்தான பள்ளத்தாக்குகள் அவை. கோக்கா, காப்பி, பழம் எல்லாம் அங்கிருந்துதான் லா பாஸுக்கு வருகின்றன. பக்கத்தில் நின்ற அவர் மகள், "இல்லை அப்பா, பச்சை என்றால் நம்பிக்கை, பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்" என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் அர்த்தத்தை அவரவர் வைத்துக்கொள்ள இந்தத் துணியில் இடம் இருக்கிறது.

ஜூலை 17, எல் ஆல்ட்டோ

நேற்று முழுக்க அணிவகுப்பு. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. பேண்டு வாத்தியம், ராணுவம், பேச்சு.

இன்று வியாழன், எல் ஆல்ட்டோவில் சந்தை நாள். கேபிள் காரில் ஏறினேன். 2014இல் இந்த நகரம் கேபிள் கார் போக்குவரத்தைத் தொடங்கியபோது முதல் மூன்று தடங்களுக்கு வைத்த பெயர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை. தேசியக் கொடியின் வரிசை அப்படியே. சிவப்புத் தடம் போய் நிற்கும் இடம் ஜூலை 16 சந்தை. வியாழனும் ஞாயிறும் மட்டும் கூடும் இந்தச் சந்தையில் பழைய கார் என்ஜினிலிருந்து திருமண உடை வரை எல்லாம் கிடைக்கும். லா பாஸைவிட இன்னும் 500 மீட்டர் உயரம். காற்று அடிக்கும்போது மூச்சு முட்டுகிறது.

இங்கே மேலே வந்ததும் சிவப்பு-பச்சை குறைந்து விபாலா கூடுகிறது. 49 சதுரங்கள், ஏழு நிறங்கள், மூலைவிட்டமாக ஓடும் வரிசைகள். ஆய்மாரா, கெச்சுவா மக்களின் கொடி. சிவப்பு நிலமும் மலை மக்களும், ஆரஞ்சு சமூகமும் பண்பாடும், மஞ்சள் ஆற்றல், வெள்ளை காலம், பச்சை விளைச்சலும் இயற்கையும், நீலம் அண்டம், ஊதா மக்களே தங்களை ஆளும் முறை. இன்கா நாட்டின் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனி விபாலா உண்டு. நடுமூலைவிட்டத்தின் நிறம்தான் மாறும். வெள்ளை என்றால் கொய்யாசூயு, இந்த மேட்டுநிலம். பச்சை அந்திசூயு, சிவப்பு சின்ச்சாய்சூயு, மஞ்சள் குந்திசூயு. எல் ஆல்ட்டோவில் நாம் பார்ப்பது வெள்ளை மூலைவிட்டக் கொடி.

இது எவ்வளவு பழையது என்பதில் சண்டை இருக்கிறது. சதுரம் சதுரமாக நெய்த துணிகள் ஆண்டிஸ் மலையில் மிகப் பழையவை. ஆனால் இன்று நாம் பார்க்கும் அளவும் வரிசையும் 1970களில் ஆய்மாரா ஆய்வாளர் ஹெர்மான் சோக்கே கொண்டோரி ஒழுங்குபடுத்தியவை. இதைச் சொல்லி விபாலாவைப் "புதுசு" என்று ஒதுக்குபவர்களைச் சந்தித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. லா பாஸின் கொடியும் ஒரு காலத்தில் புதுசுதான். விவசாயச் சங்கங்கள் மறியலிலும் ஊர்வலத்திலும் தூக்கித் தூக்கி இதைத் தங்களுடையதாக்கின. 2009 அரசியலமைப்பு மூவண்ணக் கொடிக்குப் பக்கத்திலேயே இதையும் நாட்டின் சின்னமாக வைத்தது.

2019 நவம்பரில் அதிபர் எவோ மொராலெஸ் பதவி விலகிய நாட்களில் சில காவலர்கள் தங்கள் சீருடையிலிருந்து விபாலாவைக் கத்தரித்து எறியும் காட்சி நாடெங்கும் பரவியது. மறுநாட்களில் எல் ஆல்ட்டோ மக்கள் விபாலாவோடு தெருவை நிரப்பினார்கள். சந்தையில் கொடி விற்ற ஒரு இளைஞரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அன்றைக்குத்தான் என் பாட்டி முதல்முறையாகக் கொடி பிடித்தாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

ஜூலை 18, ஒருரோ போகும் வழி

மேட்டுநிலத்தில் நேராக ஓடும் சாலை. புல், மண்சுவர், தூரத்தில் பனிமலை. பஸ்ஸில் பலரும் தூங்கிவிட்டார்கள். நான் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். 2018 மார்ச் 10 அன்று இதே சாலையில்தான் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நீலக் கொடியை விரித்தார்கள். துண்டு துண்டாகத் தைத்து இணைத்து, வழிநெடுக மக்கள் பிடித்து நின்றார்கள்.

அது கடல் கேட்கும் கொடி. 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரையைச் சிலியிடம் இழந்தது. போன மாவட்டத்தின் பெயர் லிட்டோரல். நீலத் துணியின் மூலையில் தேசியக் கொடி, அதைச் சுற்றி ஒன்பது சிறிய நட்சத்திரங்கள், இன்றுள்ள ஒன்பது மாவட்டங்களுக்கு. தள்ளி ஒரு பெரிய நட்சத்திரம், அது லிட்டோரலுக்கு. கையில் இல்லாத மாவட்டத்துக்குத்தான் பெரிய நட்சத்திரம். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் 12க்கு 3 என்ற கணக்கில் பொலிவியாவின் கோரிக்கையை நிராகரித்தது. ஆனாலும் மார்ச் 23 கடல் நாள் ஊர்வலம் நிற்கவில்லை. கடல் இல்லாத நாட்டின் கடற்படை இன்றும் டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் இந்தக் கொடியோடு போகிறது.

ஜூலை 19, ஒருரோ

சுரங்க ஊர். கார்னிவல் முடிந்து ஐந்து மாதமாகிவிட்டதால் தெருக்கள் காலி. கொடி முழுச் சிவப்பு. நான் தேடி வந்ததில் இதுதான் மிக எளிமையானது.

சிவப்புக்குக் காரணம் 1781 பிப்ரவரி 10. லா பாஸின் 1809க்கும் 28 ஆண்டுகள் முன்னால். செபாஸ்தியான் பகதோர் மக்களைத் தூண்ட, ஸ்பெயினில் பிறந்தவர்களுக்கு எதிராக ஒருரோ எழுந்தது. பெருவில் டூபாக் அமாருவின் கிளர்ச்சி பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம். முதலில் இங்கே பிறந்த வெள்ளையர்களும் பழங்குடிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். சில நாட்களிலேயே அந்தக் கூட்டு உடைந்தது. நகரத்தவர்கள் பழங்குடிகளை வெளியேற்றினார்கள். சிந்திய ரத்தம்தான் கொடியின் நிறம் என்கிறார்கள். யார் ரத்தம் என்று கேட்டால் பதில் நீளும். எனக்கு அந்தக் கேள்வியை விட மனமில்லை. சிவப்பு எல்லோருடையதும் என்றால், வெளியேற்றப்பட்டவர்களுடையதும்தான்.

மதியம் கோஞ்சுபாட்டா மேட்டில் ஏறினேன். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 3,700 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத இடத்தில். இன்றைய வரிசையிலான தேசியக் கொடியை 1851 நவம்பர் 7 அன்று முதன்முதலாக ஏற்றிய இடம் இது. 1825இல் நாடு பிறந்தபோது கொடி பச்சை-சிவப்பு-பச்சை. மறு ஆண்டில் மேல்பட்டை மஞ்சளானது. 1851இல் அதிபர் பெல்சு காலத்தில்தான் மேலே சிவப்பு, நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று நிலைத்தது. சிவப்பு போராளிகளுக்கு, மஞ்சள் கனிமங்களுக்கு, பச்சை விளைநிலத்துக்கு. பெல்சு இந்தப் பக்கம் வரும்போது வானவில்லில் இந்த மூன்று நிறங்களும் தூக்கலாகத் தெரிந்தன, அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, இந்த மேட்டில் நின்றால் நம்பத் தோன்றுகிறது. நாலா பக்கமும் வானம்தான்.

ஜூலை 21, கோச்சபாம்பா

ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியதில் உடம்பு லேசானது. நல்ல வெயில், நல்ல சாப்பாடு. கொடி வான்நீலம். ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த 1810 செப்டம்பர் 14 இவர்களுடைய நாள். ஆனால் நான் போக விரும்பியது சான் செபாஸ்தியான் குன்றுக்கு. 1812 மே 27 அன்று, ஆண்களின் படை தோற்றுச் சிதறிய பிறகு, பெண்கள் அந்தக் குன்றில் நின்று ஸ்பானியத் தரப்புத் தளபதி கோயெனேச்சேவின் படையை எதிர்த்து மடிந்தார்கள். பொலிவியா முழுக்க அன்னையர் தினம் மே 27 ஆனது இதனால்தான். பூவும் கேக்கும் வாங்கும் நாளுக்கு இப்படி ஒரு வேர் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குன்றின் மேல் சிலை, பக்கத்தில் சாயம் போன நீலக்கொடி. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இரவு பஸ் பிடித்தேன்.

ஜூலை 22, சுக்ரே

வெள்ளைச் சுவர்களின் ஊர். இந்தப் பயணத்தில் படமுள்ள மாவட்டக் கொடியை இங்கேதான் பார்க்கிறேன். இந்த ஊர் இருக்கும் சுக்கிசாக்கா மாவட்டத்தின் கொடியில் வெள்ளைத் துணி மேல் சிவப்பு நிறப் பெருக்கல் குறி. வெட்டிய கிளைபோல் முண்டும் முடிச்சும் உள்ள இரண்டு தடிகள் குறுக்காக. பர்கண்டி சிலுவை. ஸ்பானியப் பேரரசின் படைகளும் கப்பல்களும் தூக்கிய அதே சின்னம்.

ஸ்பெயினை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தது நாங்கள்தான் என்று பெருமை பேசும் ஊர், ஸ்பானிய மன்னரின் சின்னத்தைக் கொடியில் வைத்திருப்பது ஏன்? 1809 மே 25 அன்று நடந்ததைப் பார்த்தால் புரியும். வழக்கறிஞர் ஹைமே சுதானியேஸைக் கைது செய்ததும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ தேவாலய மணியை அடித்தார்கள். ஆனால் முழங்கியது "மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ வாழ்க". நெப்போலியன் அப்போது மன்னரைச் சிறைப்பிடித்திருந்தார். மன்னர் பெயரைச் சொல்லியே மன்னரின் அதிகாரிகளை விரட்டினார்கள். இந்த ஊரின் பல்கலைக்கழகம் 1624இல் தொடங்கியது. சட்டம் படித்தவர்கள் நிறைந்த ஊர். கலகத்தைக்கூடச் சட்ட வாதமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

லா பாஸில் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுக்கிசாக்காக்காரர்கள் கத்தியது மன்னருக்காக, உண்மையான விடுதலைக் குரல் ஜூலை 16 எங்களுடையது என்பார்கள். இந்தப் போட்டி வெறும் பெருமைக்கானது அல்ல. 1899 உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசும் நாடாளுமன்றமும் லா பாஸுக்குப் போய்விட்டன. சுக்ரேக்கு மிஞ்சியது தலைநகர் என்ற பெயரும் உச்ச நீதிமன்றமும். 2007 நவம்பரில் தலைநகர் உரிமை கேட்டு இங்கே நடந்த போராட்டத்தில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். சிவப்புச் சிலுவைக் கொடியைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்களுக்கு 1809 மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

ஜூலை 23, சுக்ரே

காலை முழுக்கச் சுதந்திர இல்லத்தில். 1825 ஆகஸ்ட் 6 அன்று பொலிவியாவின் விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்ட மண்டபம். கெரில்லாப் படை நடத்திய ஹுவானா அசூர்துயின் எச்சங்கள் இங்கேதான் இருக்கின்றன.

நான் நீண்ட நேரம் நின்றது மச்சா கொடியின் முன்னால். அர்ஜென்டினாவின் மானுவெல் பெல்கிரானோ, இந்த மலைநாட்டை விடுவிக்கப் படையோடு வந்தார். 1813 நவம்பர் 14 அன்று ஆயோஹுமாவில் தோற்றார். கொடி எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மச்சாவுக்கு அருகே தித்திரி என்ற சிற்றூரின் தேவாலயத்தில், படங்களுக்குப் பின்னால் மறைத்துவைத்தார்கள். எழுபது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1880களில் அந்தப் பங்கின் பாதிரியார் சுத்தம் செய்யும்போது இரண்டு கொடிகள் வெளிவந்தன. ஒன்று 1896இல் பியூனஸ் அயர்ஸுக்குப் போனது. வெள்ளை-வான்நீலம்-வெள்ளை என்று பட்டைகள் கொண்ட இன்னொன்று சுக்ரேயிலேயே தங்கிவிட்டது. இன்றைய அர்ஜென்டினக் கொடிக்கு நேர்மாறான வரிசை. அர்ஜென்டினாவின் துக்குமான் மாகாணம் பின்னாளில் இதையே தன் கொடியாக ஏற்றுக்கொண்டது.

பட்டு நைந்து நிறம் மங்கிவிட்டது. படம் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் இந்தத் துணியின் முன் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அத்தனை ஆண்டுகள் ஒரு மலையூர்ச் சுவர் இதைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சிற்றூருக்கென்று ஏதாவது ஒரு கொடி இருந்தால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

ஜூலை 24, சாண்டா குரூஸ்

இரவெல்லாம் வளைந்து வளைந்து இறங்கிய பஸ், விடிந்தபோது சமவெளியில் இருந்தது. இங்கே உயரம் 400 மீட்டர்தான். தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று வீசியதால் எல்லோரும் போர்த்திக்கொண்டு திரிகிறார்கள். மலையிலிருந்து வந்த எனக்கு இது இதமான காலை.

1864 ஜூலை 24 அன்று மாவட்ட ஆட்சியர் திரிஸ்தான் ரோக்கா பச்சை-வெள்ளை-பச்சைக் கொடியை ஆணையாக வெளியிட்டார். இவர் கவிஞர். அரசியலில் தோற்று நாட்டைவிட்டுப் போய், பராகுவே போர்க்காலத்தில் அங்கே ஒரு போர்ப் பத்திரிகையின் ஆசிரியரானார். 1868இல் துரோகி என்று குற்றம் சாட்டி, பராகுவே ஆட்சியாளர் சொலானோ லோபெஸின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு ஊருக்கே கொடி கொடுத்தவர் அந்நிய மண்ணில் இப்படி முடிந்தார் என்பது மனதைப் பிசைகிறது.

24 செப்டம்பர் சதுக்கத்தில் கொடியேற்றம். பச்சைக்கு அர்த்தம் காடும் விளைச்சலும். சுற்றிப் பார்த்தாலே தெரிகிறது. வெள்ளைக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் "குலத் தூய்மையும் மேன்மையும்". இது எனக்கு உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. குவாரனி, சிக்கித்தானோ, ஆயோரேயோ மக்களின் மண் இது. மேட்டுநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இன்று நகரத்தில் பெரும் பங்கு. கொடியின் நடுப்பட்டை யாருடைய குலத்தைச் சொல்கிறது? கொடியை நேசிக்கும் இளைஞர்கள் சிலரிடம் கேட்டேன். "வெள்ளை என்றால் அமைதி" என்றார்கள் அவர்கள். அர்த்தத்தை மாற்றி எழுத யாருடைய அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. துணியில் எழுத்து இல்லாததால் அது முடிகிறது.

விபாலா இங்கே வேறு கதை. 2021 செப்டம்பர் 24, மாவட்ட விழாவில் அதை ஏற்றியதும் இறக்கியதும் நாடு தழுவிய சண்டையாகிவிட்டது. மலைக்காரர்களின் கொடியை எங்கள் மேல் திணிக்கிறார்கள் என்பது இவர்கள் பக்கம். எங்களை மனிதராகவே மதிக்கவில்லை என்பது மலைக்காரர்கள் பக்கம். தாழ்நிலப் பழங்குடிகளோ பட்டுஹூ பூ வரைந்த வெள்ளைக் கொடியைத் தூக்குகிறார்கள். பட்டுஹூ இந்தக் காட்டில் தானாக வளர்வது, கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். அதன் நிறம் சிவப்பு, மஞ்சள், பச்சை. மலையில் பூக்கும் கண்டூட்டாவுக்கும் அதே மூன்று நிறங்கள். 2009 அரசியலமைப்பு இரண்டு பூக்களையும் நாட்டின் சின்னங்களாகச் சேர்த்திருக்கிறது.

சதுக்கத்துக்குப் பின்னால் குன்யாப்பே விற்ற அம்மா சிக்கித்தானோ ஊரிலிருந்து வந்தவர். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டது, சூடாகச் சாப்பிட வேண்டும். வீட்டில் எந்தக் கொடி கட்டுவீர்கள் என்று கேட்டேன். "ஆகஸ்டில் மூவண்ணம், செப்டம்பரில் பச்சை-வெள்ளை. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது பட்டுஹூ. விபாலா என்னிடம் இல்லை. மருமகள் ஒருரோக்காரி, அவள் பெட்டியில் ஒன்று வைத்திருக்கிறாள். வெளியே எடுக்கச் சொல்லவும் இல்லை, எடுக்காதே என்று சொல்லவும் இல்லை."

நாளை இரவு ட்ரினிடாட் பஸ். பேனியின் முழுப்பச்சைக் கொடியைப் பற்றி அங்கிருந்து எழுதுகிறேன்.